தன்மையும் முன்னிலையும்: சிபில் கார்த்திகேசுவின் நினைவு நூலில் துன்பமும் விவிலிய நம்பிக்கையும்

தமிழில் ‘பாடு’ என்னும் சொல் உழைப்பைக் குறிக்கும், வேதனையையும் குறிக்கும். பாடுபட்டுச் சேர்த்தான் என்கிறோம். படாத பாடு பட்டான் என்றும் கூறுகிறோம். உழைத்து வாழ்பவனுக்குப் பாட்டாளி என்றே பெயர் வைத்தோம். கிறித்துவத் தமிழ், இயேசுவின் இறுதித் துன்பங்களைக் குறிக்கச் சொல் தேடியபோது இதனையே எடுத்துக்கொண்டது. ‘பாடுகள்’ என்பது சிலுவைத் துன்பத்தைச் சுட்டும் சமயக் கலைச்சொல்லாக நிலைபெற்றது. பேராக் மாநிலத்து இரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன் பால்மரம் சீவப் போன தமிழருக்கு இச்சொல்லை எந்தச் சமய ஆசிரியரும் விளக்க வேண்டியிருந்திராது. ‘சோதனை’ என்பதும் இத்தகையதே. இறைவன் அடியவரைத் தேர்ந்து பார்ப்பது, தீமை மனிதரைத் தூண்டுவது, காவலர் வீடு புகுந்து துருவுவது ஆகிய மூன்றிற்கும் தமிழில் ஒரே சொல் வழங்குகிறது. நாம் இங்கு எடுத்துக்கொள்ளும் நூலில் இம்மூன்று பொருளும் ஒரே வீட்டின் வாசலில் ஒன்றுகூடுகின்றன.

அந்நூல் தமிழில் எழுதப்பட்டதன்று. சிபில் கார்த்திகேசு ஆங்கிலத்தில் எழுதி, அவர் மறைந்த பின்னர் 1954இல் இலண்டனில் வெளிவந்த ‘நோ டிராம் ஆஃப் மெர்சி’ என்னும் நினைவு நூலே அது. ‘இரக்கத்தின் துளியும் இன்றி’ என அதன் தலைப்பைத் தமிழாக்கலாம். மலேசிய வரலாற்று ஆய்வாளர்கள் இதனைச் சப்பானிய ஆட்சிக் காலத்தின் சான்றாவணமாகக் கருதி வந்துள்ளனர். நாட்டுப்பற்றுக்கு எடுத்துக்காட்டாகப் பள்ளி மாணவர்க்கும் இது அறிமுகப்படுத்தப்படுகிறது. இவ்விரு நோக்கும் தவறல்ல. எனினும், இந்நூலின் பெரும்பகுதி இறைவேண்டலால் நிரம்பியது என்பதையும், துன்பத்திற்குப் பொருளுண்டா என்னும் பழைய வினாவை அது தன் போக்கில் எதிர்கொள்கிறது என்பதையும் இவ்விரு நோக்கும் காணத் தவறுகின்றன. அவ்வினாவை முன்வைத்து நூலை அணுகுவதும், அத்தகைய அணுகுமுறைக்கு எல்லை எதுவெனக் காண்பதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

தைப்பிங்கிலிருந்து பாப்பான் வரை

இந்நூலைத் தமிழாய்வு உரிமையோடு அணுகலாமா என்னும் ஐயம் சிலருக்கு எழக்கூடும். சிபில் 1899இல் சுமத்திராவின் மேடான் நகரில் யூரேசியக் குடும்பமொன்றில் பிறந்தவர், கத்தோலிக்கர், கண்டோனீய மொழியைச் சரளமாகப் பேசியவர். ஆனால், அவர் பெயரோடு ஒட்டிய ‘கார்த்திகேசு’ தைப்பிங்கிலிருந்து வந்தது. அவருடைய கணவர் 1892இல் தைப்பிங்கில் கணபதிப் பிள்ளை, தங்கம் இணையர்க்கு மகனாகப் பிறந்த யாழ்ப்பாணத் தமிழர். பிறப்பில் ஆறுமுகம் என்னும் பெயர் தாங்கிய இந்து. 1885இல் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டிற்கும் இடையே மலாயாவின் முதல் இருப்புப்பாதை திறக்கப்பட்ட பின், புகைவண்டித் துறையிலும் அரசு அலுவலகங்களிலும் பணியாற்ற யாழ்ப்பாணத்தார் வந்து குடியேறிய நகர்களுள் தைப்பிங் முதன்மையானது. 1919இல் கோலாலம்பூரில் நடந்த திருமணத்திற்கு முன், இரு குடும்பங்களுக்கிடையே நின்ற சமயத் தடை, ஆறுமுகம் திருமுழுக்குப் பெற்று அப்டன் கிளமெண்ட் கார்த்திகேசு ஆனதால் நீங்கியது. மருத்துவரான அவர் 1926 முதல் ஈப்போ புரூஸ்டர் சாலையில் மருத்துவமனை நடத்தினார். சிபில் அங்கே செவிலியராகவும் மருத்துவச்சியாகவும் பணியாற்றினார்.

1941 திசம்பரில் போர் மூண்டு ஈப்போவின் மேல் குண்டுகள் விழுந்தபின் குடும்பம் அருகிலுள்ள பாப்பான் சிற்றூருக்கு இடம்பெயர்ந்தது. அங்குத்தான் கதை தொடங்குகிறது. காட்டில் மறைந்து சப்பானியரை எதிர்த்த கொரில்லாப் படையினர்க்கு மறைவாக மருத்துவம் பார்த்ததும், வானொலிப் பெட்டியை ஒளித்து வைத்து வெளியுலகச் செய்திகளைக் கேட்டதும் அக்குடும்பத்தின் ‘குற்றங்கள்’. 1943இல் கணவரும் மனைவியும் கைதாயினர். கெம்பெய்தாய் எனப்பட்ட சப்பானியப் படைக் காவலரின் வதைகளுக்குப் பின் சிபில் பத்துகாஜா சிறையில் அடைக்கப்பட்டார். 1945இல் விடுதலை பெற்றபோது அவரால் நடக்க இயலவில்லை. மருத்துவத்திற்காகப் பிரிட்டனுக்குக் கொண்டு செல்லப்பட்டு, 1947இல் ஜார்ஜ் பதக்கம் பெற்று, 1948 சூன் 12ஆம் நாள் ஸ்காட்லாந்தில் மறைந்தார். தாடையில் பட்ட காலணி உதையின் பழைய காயமே குருதி நஞ்சாகி அவர் உயிரைப் பறித்தது என்பர். அங்கேயே அடக்கம் செய்யப்பட்ட உடல் 1949இல் ஈப்போவிற்குக் கொணரப்பட்டு மீண்டும் நல்லடக்கம் பெற்றது.

யோபுவின் இலக்கணம்

துன்பம் பற்றிய விவிலியச் சிந்தனையை ஒற்றைக் குரலாகக் கொள்வது நம்மிடையே பரவலாகக் காணப்படும் பிழை. அதில் குறைந்தது இரு குரல்கள் உள்ளன. யோபு நூல் அவ்விரண்டையும் எதிரெதிராக நிறுத்துகிறது. செல்வத்தையும் மக்களையும் உடல்நலத்தையும் இழந்து சாம்பலில் அமர்ந்திருக்கும் யோபுவிடம் மூன்று நண்பர்கள் வருகின்றனர். ஏழு நாள் பேசாமல் உடனிருக்கின்றனர். அதுவரை அவர்கள் நல்லவர்கள். பின்னர் வாய் திறக்கின்றனர். செய்த தீமைக்கே துன்பம் வரும், நீ துன்புறுகிறாய், ஆகவே நீ தீமை செய்திருக்கிறாய் என்பது அவர்கள் வாதத்தின் சாரம். முன்வினைக் கோட்பாட்டில் வளர்ந்த தமிழ் மனத்திற்கு இவ்வாதம் அன்னியமன்று. யோபு இதனை ஏற்க மறுத்து வழக்காடுகிறான். நூலின் முடிவில் கடவுள் குற்றம் சாட்டுவது வழக்காடியவனையல்ல. தம் சார்பில் வாதாடிய நண்பர்களையே. யோவான் நற்செய்தியிலும் இதே நிலைப்பாடு காணப்படுகிறது. பிறவிக் குருடனைக் கண்டு, பாவம் செய்தவன் இவனா இவனுடைய பெற்றோரா எனச் சீடர்கள் வினவும்போது இயேசு அவ்வினாவின் அடிப்படையையே மறுத்துவிடுகிறார்.

நண்பர்களின் பேச்சிற்கும் யோபுவின் பேச்சிற்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ் இலக்கணத்தின் மூவிடக் கோட்பாட்டைக்கொண்டு எளிதில் விளக்கலாம். நண்பர்கள் கடவுளைப் பற்றிப் பேசுகின்றனர். அவர்களுக்குக் கடவுள் படர்க்கை. யோபு கடவுளிடமே பேசுகிறான். அவனுக்குக் கடவுள் முன்னிலை. அவனுடைய சொற்களில் கசப்புண்டு, குற்றச்சாட்டுண்டு, செத்தொழிய வேண்டுமென்னும் வேட்கையும் உண்டு. ஆயினும் ‘நீர்’ என விளிப்பதை அவன் கைவிடவில்லை. துன்பத்திற்கான காரணம் இறுதிவரை அவனுக்குச் சொல்லப்படவேயில்லை என்பதை உரையாளர் பலரும் விரைந்து கடந்துவிடுகின்றனர். அவன் பெற்றது விடையன்று. விளித்தவனுக்குக் கிடைத்த மறுமொழி.

சிபிலின் வாழ்க்கையைத் தழுவி 2010இல் மலேசியத் தொலைக்காட்சியில் ஒளியேறிய தொடரின் மலாய்த் தலைப்பு இங்கு நினைவுகூரத்தக்கது. ‘அபா டோசாகு’ என்னும் அத்தலைப்பிற்கு ‘என் பாவம் என்ன’ என்பது பொருள். யோபுவின் வினா அப்படியே வந்து நிற்கிறது. ‘டோசா’ என்னும் மலாய்ச் சொல் நாம் ‘தோசம்’ என வழங்கும் வடசொல்லின் உடன்பிறப்பு. மூன்று சமயங்கள் புழங்கும் நாட்டில் ஒரே சொல் இவ்வளவு தொலைவு வந்து யோபுவின் வாயில் அமர்வது சொல்லாய்வாளர்க்குச் சுவையான செய்தி. நினைவு நூலின் ஆங்கிலத் தலைப்போ சேக்சுபியரின் ‘வெனிசு வணிகன்’ நாடகத்தின் நீதிமன்றக் காட்சியிலிருந்து எடுக்கப்பட்டது. அது வதைத்தவனின் இரக்கமின்மையை நடுவில் வைக்கிறது. நூலாசிரியர் மறைந்த பின் வெளிவந்த நூல் ஆதலின் தலைப்பைத் திறவுகோலாகக் கொள்வதில் நமக்குத் தயக்கமுண்டு. நூலின் உட்குரல் வதைத்தவனை நோக்கியதைக் காட்டிலும் இறைவனை நோக்கியதே மிகுதி.

புலம்பலும் நெஞ்சுரமும்

தமிழ் அறநூல் மரபு துன்பத்தை எதிர்கொள்ள இரு வழி காட்டியது. திருக்குறளின் ஊழ் அதிகாரம் ஒன்று; இடுக்கண் அழியாமை மற்றொன்று. முன்னது விளக்குகிறது, பின்னது துணிவூட்டுகிறது. இவற்றிற்கு அப்பால் மூன்றாவது ஒரு வழியும் நம்மிடம் உண்டு. கையறுநிலைத் துறையாகச் சான்றோர் செய்யுளிலும், ஒப்பாரியாகப் பெண்கள் வாயிலும் வழங்கிவரும் புலம்பல் மரபே அது. ஒப்பாரி விளக்கம் சொல்வதில்லை, துணிவும் ஊட்டுவதில்லை. செத்தவரை முன்னிலைப்படுத்தி, ஏன் போனாய் என்று கேட்கிறது. விவிலியத் திருப்பாடல்களில் கணிசமானவை இவ்வகையைச் சேர்ந்தவை. விவிலிய நூல்களுள் ஒன்றிற்குத் தமிழில் ‘புலம்பல்’ என்றே பெயர்.

இவ்விரு மரபும் சந்திக்கும்போது நேரும் சிக்கலை எச். ஏ. கிருட்டிணபிள்ளையிடம் காணலாம். 1827இல் திருநெல்வேலிப் பகுதியில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858இல் திருமுழுக்குப் பெற்ற அவர், ஜான் பனியனின் ‘மோட்சப் பயணம்’ நூலைத் தழுவி ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்னும் காப்பியத்தை இயற்றி 1894இல் வெளியிட்டார். சமயக் கருத்துக்காகப் பன்னீராண்டு சிறையிருந்த பனியனின் கதையில் சிலுவை பயணி கடந்து செல்லும் ஓரிடமே. கிருட்டிணபிள்ளைக்கு அது போதவில்லை. மூலத்தில் இல்லாத இரட்சணிய சரித படலத்தைப் புகுத்தி இயேசுவின் பாடுகளை விரித்துப் பாடினார். துன்பத்தை உருவகமாகச் சுட்டிச் செல்வதில் தமிழ்க் காப்பிய மனம் நிறைவடையவில்லை. கண்ணால் கண்டு கரைய வேண்டியிருந்தது. ஆயினும் கம்பனில் ஊறிய அப்புலவர் காட்டும் இயேசுவிடம், காடேகும் செய்தி கேட்டும் முகம் மாறாத இராமனின் சாயல் படிந்திருப்பதாகவே நாம் கருதுகிறோம். நற்செய்திகள் காட்டும் இயேசுவோ துன்பக் கிண்ணம் தம்மை விட்டு அகல வேண்டுமென மன்றாடியவர். கைவிட்டது ஏன் எனச் சிலுவையில் கதறியவர். காப்பிய இலக்கணத்திற்கு இக்கதறல் இடறலானது.

சிபிலின் உரைநடைக்கு அவ்விடறல் இல்லை. வலியை அவர் மறைப்பதில்லை. செவிலியர் என்பதால் உடலின் சிதைவை நோயாளியின் குறிப்பேட்டை எழுதுவது போலவே எழுதிச் செல்கிறார். இதனால் நூலில் உணர்ச்சி குன்றியதாகச் சிலர் எண்ணலாம். நமக்கு அது நூலின் வலிமையாகப் படுகிறது. வெளிநாட்டு ஆய்வரங்குகளில் இத்தகைய நூல்களைப் படிக்கும் முறை ஒன்று வேரூன்றியிருக்கிறது. எலைன் ஸ்கேரி 1985இல் வெளியிட்ட, வலியில் உழலும் உடலைப் பற்றிய ஆய்வு, கடும் வலி மொழியையே அழித்துவிடுகிறது என்றும், வதைப்பவன் கேட்கும் வினா வதைக்குக் காரணம்போல் வேடமிடுகிறது என்றும் நிறுவியது. இரண்டாவது கருத்து இந்நூலுக்கு முற்றும் பொருந்தும். முதலாவது கருத்து அப்படியே பொருந்தவில்லை. விசாரணை அறையில் சிபிலிடமிருந்து பறிக்க முயன்ற மொழி ஒன்று. பறிக்கமுடியாத மொழி வேறொன்று. வதைப்பவனுக்குப் பேசாத வாய் இறைவனிடம் பேசிக்கொண்டிருக்கிறது. இறைவேண்டலை இங்கு வெறும் ஆறுதலாகக் கொண்டால் நூலைப் புரிந்துகொள்ள இயலாது. கேட்பவரை மாற்றிக்கொள்ளும் செயல் அது. வினவுபவனே ஒரே முன்னிலை என்னும் நிலையை உடைப்பதால்தான் அவரால் வாய் மூடியிருக்க முடிந்தது.

மகளும் மரமும்

நூலில் எவரும் மறவாத பகுதி 1936இல் பிறந்த மகள் டோனைப் பற்றியது. யோசிமுரா என்னும் கெம்பெய்தாய் அதிகாரி, குழந்தையைக் கயிற்றில் கட்டி மரத்தில் தொங்கவிட்டு, கீழே தீ மூட்டச் செய்து, தாயிடம் பெயர்களைக் கேட்டான். தாய் காட்டிக்கொடுக்கவில்லை. குழந்தையே தாயை உறுதியாக இருக்கும்படி வேண்டியதாகவும் நூல் கூறுகிறது. குழந்தை உயிர் தப்பியது.

இவ்விடத்தைப் படிக்கும் தமிழாசிரியர் எவர்க்கும் சிறுத்தொண்டர் நினைவிற்கு வருவார். கிறித்துவர்க்கு ஆபிரகாமும் ஈசாக்கும் நினைவிற்கு வருவர். இவ்வொப்புமை நம்மை வழி தவறச் செய்யும் என்பதே நம் கருத்து. சிறுத்தொண்டரிடம் பிள்ளைக்கறி கேட்டவர் அடியவர் வேடத்து இறைவன். ஆபிரகாமிடம் மகனைக் கேட்டதும் கடவுள். இரு கதையிலும் கேட்டவரே பிள்ளையைத் திருப்பித் தருகிறார். இந்நிகழ்ச்சியிலோ குழந்தையைக் கேட்டவர் கடவுளல்லர். ஒரு காவல் அதிகாரி. தாயிடம் அவன் கேட்டதும் பலியன்று, காட்டிக்கொடுக்கும் சொல். அச்சொல்லைக் கொடுத்தால் சாகப்போவது காட்டில் மறைந்திருந்த வேறு தாய்மாரின் பிள்ளைகள். ஆகவே இதனை ‘மகளையே பலிகொடுக்கத் துணிந்த பக்தி’ எனப் புகழ்வது, யோசிமுராவைக் கடவுளின் இடத்தில் அமர்த்துவதாகும். மேடைப் பேச்சுகளில் இப்புகழ்ச்சியை நாம் கேட்டிருக்கிறோம். பேசியவர் அதன் விளைவை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

விவிலியத்தில் இதற்கு நெருங்கிய ஒப்புமை வேறோரிடத்தில் உள்ளது. மக்கபேயர் இரண்டாம் நூலின் ஏழாம் அதிகாரத்தில் தாயொருத்தி, கண்முன்னே வதைக்கப்படும் தன் ஏழு மைந்தர்க்கும் துணிவூட்டுகிறாள். சீர்திருத்தத் திருச்சபையாரின் தமிழ் விவிலியத்தில் இந்நூல் இடம்பெறுவதில்லை. கத்தோலிக்கர் விவிலியத்தில் உண்டு. அங்கேயும் வதைப்பவன் அரசன், கடவுளல்லன். மைந்தர் மீளவில்லை. சிபிலின் நூலில் தாயும் மகளும் இடம் மாறி நிற்கின்றனர், துணிவூட்டுவது குழந்தை. மாற்றத்தின் கனத்தைச் சிபில் அறிந்தே எழுதினாரா என்பது நம் ஆய்விற்குத் தேவையில்லை. ‘இத்துன்பம் ஏன்’ என்னும் வினாவிற்கு அவர் அவ்விடத்தில் எந்த விடையும் எழுதவில்லை என்பதே கருதத்தக்கது. ‘யாருக்காக’ என்னும் வினாவிற்கு மட்டும் விடை இருக்கிறது; அவ்விடைக்கு ஆள்களும் பெயர்களும் உண்டு, அப்பெயர்களைத்தான் அவர் சொல்லவில்லை. கத்தோலிக்கத் தமிழில் ‘ஒப்புக்கொடுத்தல்’ என்றொரு சொல் வழங்குகிறது. தாம் படும் பாட்டைப் பிறர்க்காக இறைவனிடம் கையளிப்பதை அது குறிக்கும். துன்பத்தை நல்லதென்று அச்சொல் கூறவில்லை. வந்துவிட்ட துன்பத்தை வீணாக்காதிருக்கும் முயற்சி அது.

பொருள் கூறத்தக்கவர் யார்

இதுவரை கூறியவை ஒருவர் தம் துன்பத்தைப் பற்றித் தன்மையில் கூறியவற்றை ஒட்டியவை. இதே கூற்றைப் படர்க்கைக்கு மாற்றினால் என்னாகும்? அதே ஆண்டுகளில், அதே பேராக் தோட்டங்கள் உட்பட மலாயாவெங்குமிருந்து தமிழ்த் தொழிலாளர் சயாம்-பர்மா இருப்புப்பாதை வேலைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். 1942, 1943 ஆண்டுகளில் நானூறு கிலோமீட்டருக்கு மேல் நீண்ட அப்பாதையில் பல்லாயிரவர் வாந்திபேதியாலும் பட்டினியாலும் மடிந்தனர். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய மலேசியத் தமிழ்ப் புதினங்கள் அவ்வரலாற்றை நமக்கு மீட்டுத் தந்தன. அவை புதினங்கள், சொல்பவர் வேறு, பட்டவர் வேறு. மாண்டவர் தம் நூலை எழுதவில்லை. அவர்களுள் சிலர் மாரியம்மனை விளித்திருப்பர், சிலர் முருகனை, சிலர் மாதாவை. அவ்விளிகள் காட்டோடு போயின. அவர்கள் துன்பத்திற்கும் பொருளுண்டு, அது இறைவன் வைத்த சோதனை என இன்று நாம் கூறினால், யோபுவின் நண்பர்கள் பக்கம் போய் அமர்கிறோம். ஊழ்வினை என்றாலும் அப்படியே. சிபிலின் வாயில் மெய்யாக ஒலிப்பது நம் வாயில் பொய்யாகிறது. சொல் மாறவில்லை, இடம் மாறியிருக்கிறது.

வகுப்பறைக்கும் இது பொருந்தும். தொல்லையுற்ற மாணவனிடம் சிபிலைக் காட்டி, அவர் தாங்கினார், நீயும் தாங்கு எனக் கூறுவது எளிது. நூல் அதற்கு இடங்கொடுக்கவில்லை. எவர்க்கும் அறிவுரையாக எழுதப்படாத நூலை அறிவுரையாக்கும்போது அதன் முன்னிலை மாறிவிடுகிறது. இறைவனிடம் பேசிய சொற்கள் மாணவன் மேல் வந்து விழுகின்றன.

நூலில் மற்றொரு மௌனமும் உண்டு. கணவர் கார்த்திகேசுவும் வதைபட்டவர், சிறையிருந்தவர். மனைவிக்காகச் சமயம் மாறிய அந்தத் தைப்பிங் மகன் விசாரணை அறையில் எம்மொழியில், எப்பெயரால் இறைவனை விளித்தார் என்பதை அறிய மனம் விழைகிறது. சிறுவயதில் தங்கம் அம்மையார் கற்பித்த வேண்டுதல் நாவில் வந்ததா, திருமுழுக்கிற்குப் பின் கற்றது வந்ததா? மனைவி எழுதிய நூல் கணவரின் உள்ளத்துள் புகவில்லை. நமக்கு அது குறையாகப் படவில்லை. பிறர் பட்ட பாட்டிற்குத் தாம் பொருள் எழுதக்கூடாதென்னும் கூச்சம் அந்நூலின் நெடுகிலும் இருக்கிறது.

தைப்பிங்கில் 1886இல் மரத்தால் எழுப்பப்பட்ட ஆங்கிலிக்கக் கோவிலான அனைத்துப் புனிதர் ஆலயம் இன்றும் நிற்கிறது. நகரைத் தாண்டி மலையை நோக்கிச் செல்லும் சாலையில் போருக்குப் பின் அமைக்கப்பட்ட போர்க் கல்லறை உள்ளது. எண்ணூறுக்கு மேற்பட்டோர் அங்கே துயில்கின்றனர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் பெயர் தெரியாதோர். சாலையின் ஒரு பக்கம் கிறித்துவர்க்கும் மறுபக்கம் பிற சமயத்தார்க்கும் உரியது. பெயரறியாப் போர்வீரரின் கல்லில், அவரைக் கடவுள் அறிவார் என்னும் கருத்தைப் பொறிப்பது பொதுநலவாய நாடுகளின் வழக்கம். அவ்வாசகமும் படர்க்கையே, ஆயினும் அது பொருள் கூற முற்படவில்லை, அறிதலை மட்டும் வேறொருவரிடம் ஒப்படைக்கிறது. அக்கல்லறை படையினர்க்கானது. சயாமுக்குப் போன தோட்டத் தமிழருக்குச் சாலையின் இரு பக்கமும் கல் இல்லை.